தெல்லிப்பழை மண்ணும் அகழ்வும்

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று தருக எனச் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, ஆரியச் சக்கரவர்த்திகளைப் பற்றியோ சங்கிலி மன்னனைப் பற்றியோ எழுதுவோம் என்றே பெரியோர் பலர் எதிர்பார்த்திருப்பர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் எழுத அமர்ந்த வேளையில் எம் மனம் அரண்மனைகளை நாடவில்லை. ஒரு பாழ்ங்கிணற்றையே நாடிற்று. மன்னர் வரலாற்றை எதிர்பார்த்த அன்பர்கள் பொறுத்தருள்க.

அக்கிணறு தெல்லிப்பழைக்கு வடபால் எம் பாட்டனார் காணியில் உள்ளது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு எழுந்தபோது எம்மவரும் கதவைச் சாத்தித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு எழுந்தனர். நாம் பிறந்ததும், மிஷன் பாடசாலையொன்றிற் பயின்றதும் இடம்பெயர்ந்த இடத்திலேதான். சில ஆண்டுகளுக்கு முன் காணி விடுவிக்கப்பட்டது. வீடு இருந்த இடத்திற் பற்றை நின்றது. கிணறு மட்டும் கிணறாகவே இருந்தது. அதனைக் கலக்கி இறைப்பதற்கு ஆட்கள் இருவரை அமர்த்தினோம். முதற் கடகத்தில் பிளாஸ்திக்குப் போத்தல்களும் தகரப் பேணிகளும் வந்தன. அடுத்து இலைச்சருகும் கறுத்த சேறும் வந்தன. அதன் கீழ் வீட்டுக் கூரையின் ஓட்டுத் துண்டுகள். அதற்கும் கீழ் துருவேறிய வாளியொன்று. எல்லாவற்றுக்கும் அடியில், நெளிந்து பச்சைபிடித்த பித்தளைச் செம்பொன்று. அப்பாச்சி அதனைக் கையில் வாங்கிச் சேற்றைத் துடைத்து, கழுத்தில் வெட்டியிருந்த எழுத்தை விரலாலே தடவிப் பார்த்தார். "இது போன மாதிரியே கிடந்திருக்கு" என்றார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் கைதவறிக் கிணற்றில் வீழ்ந்த செம்பாம் அது.

கடைசியாக வீழ்ந்தது முதலில் வந்தது; முதலில் வீழ்ந்தது கடைசியில் வந்தது. தொல்பொருளாராய்ச்சி என்னும் பெருங்கலையின் முதல் விதி இவ்வளவே. பல்கலைக்கழக விரிவுரையிற் கேட்டபோது எம் காதில் ஏறாத விதி, கிணற்றுக்கட்டிலே நின்று பார்த்தபோது ஏறிற்று. இக்கட்டுரைக்கு அதுவே தூண்டுகோல்.

இனி, எம் ஊர் நிலத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். இலங்கையின் பெரும்பகுதி மிகத் தொன்மையான கரும்பாறையின்மேல் அமைந்தது. யாழ்ப்பாணக் குடாநாடோ கடலடியிற் பிறந்த சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. இற்றைக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுக்கும் 50 இலட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்டதாகிய மயோசீன் காலத்திலே, ஆழமற்ற கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் அடியிற் படிந்து படிந்து இறுகியே இக்கல் உண்டாயிற்று. எம்மூரிற் புதிதாக வெட்டிய கிணற்றின் கல்லை உற்று நோக்குவோர் அதனிடையே சிப்பியின் அச்சைக் காணலாம். கடல் இங்கிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இக்கல்லை முதலில் அகழ்ந்தவன் மனிதன் அல்லன், மழையே அகழ்ந்தது. வானிலிருந்து இறங்கும் நீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாகின்றது. அவ்வமிலம் கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அரித்து, நிலத்தடியிற் குகைகளையும் கால்வாய்களையும் ஆக்கியுள்ளது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றையன்றி வேறு ஆறு காணாத குடாநாட்டுக்கு ஆறுகளெல்லாம் நிலத்தடியிலே ஓடுகின்றன எனலாம். கீரிமலையிற் கடலோரத்திலே நன்னீர் பெருகுவதும், குகையின் கூரை இடிந்து வீழ்ந்ததால் நவக்கிரியில் நிலாவரைக் கிணறு வாய்திறந்ததும் இவ்வகழ்வின் பயன்களே. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கும். அடியில்லாக் கிணறு என்று சிறுவயதில் எமக்குச் சொன்னார்கள். அடி உண்டு, அளந்தும் இருக்கிறார்கள். ஆயினும் அப்பொய்யைச் சொன்ன பெரியோர்மீது எமக்குக் கோபமில்லை. அதனாற்றான் நாம் அதன் விளிம்புக்குப் போகாமல் இருந்தோம்!

நிலாவரை காட்டும் அந்த உண்மையை எம் கிணறு வெட்டிகள் நூல் படியாமலே அறிந்திருந்தனர். நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். அலவாங்கை ஒரு முழம் அதிகம் இறக்கினாலும், அளவுக்குமீறி இறைத்தாலும், உவர் மேலேறிவிடும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனே நல்ல கிணறு வெட்டி. துலாவும் பட்டையும் இருந்த நாளில் மனிதன் களைத்துவிடுவான், நீர் ஊறிவிடும். நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. இதனை இங்கு விரித்தால் கட்டுரை வேறு வழியிற் சென்றுவிடும், ஆதலின் நிறுத்துகிறோம்.

கல்லின்மேற் கிடப்பது செம்பாட்டு மண். சில இடங்களில் அது இடுப்பளவு, சில இடங்களிற் கணுக்காலளவு. எம் முன்னோர் கல்லைப் பிரட்டி வேலியோரம் அடுக்கி, வேறிடத்து மண்ணைச் சுமந்து பரப்பி, பனையோலையைத் தாழ்த்து உரமாக்கி, புகையிலையும் வெங்காயமும் வைத்தனர். இந்த மெல்லிய மண்ணிலேதான் எம் உணவு விளைகின்றது. எமக்குமுன் இங்கு வாழ்ந்தோரின் அடுப்பும் பானையும் எலும்பும் கிடப்பனவும் இதே மண்ணிலேதான். கல்லிலே கடலின் வரலாறு உண்டு. மனிதனின் வரலாறு முழுவதும் அதன்மேலுள்ள சில அடி மண்ணுக்குள் அடங்கும். இதனை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். மேலே நாம் கூறப்போவது யாவும் இதனைப் பற்றியதே.

1950ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. கல் இங்கேயே கிடைத்தது; களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து புகைவண்டியில் வந்தது. இரண்டையும் அரைத்து, 1400 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து மீண்டும் அரைத்தால் சீமெந்து. அக்காலத்து இளைஞர் பலர்க்கு அது வேலை கொடுத்தது; சங்கு ஊதும் ஓசை கேட்டே ஊரார் நேரம் அறிந்தனர் என்று வீட்டிற் சொல்வார்கள். நாடெங்கும் பாலங்களும் பாடசாலைகளும் எம்மூர்க் கல்லினால் எழுந்தன. அதனை இகழ்ந்து பேச எமக்கு உரிமையில்லை; எம் வீட்டுத் தூணிலும் அச்சீமெந்து இருந்திருக்கும். 1990இல் போரினால் தொழிற்சாலை நின்றது. வெட்டிய குழிகள் நிற்கின்றன. அவற்றிலே நீர் தேங்கி, பார்ப்பதற்குக் குளம்போலவே இருக்கின்றது. அறியாதார் இயற்கைக் குளம் என்றே எண்ணுவர்.

அக்குழியின் கரையில் நின்றபோது எமக்குத் தோன்றியது வேறொன்று. கல்லை வெடிவைத்து எடுக்குமுன் மேல்மண்ணை வழித்து அகற்றல் வேண்டும். தேவையானது கல், தேவையற்றது மண். மனித வரலாறு முழுவதும் அத்தேவையற்ற மண்ணுக்குள் அல்லவா கிடப்பது! அவ்விடத்திலே பண்டைக் குடியிருப்பு இருந்தது என்று நாம் வாதிட வரவில்லை. இருந்ததா, இல்லையா என்று இனி எவரும் பார்க்க இயலாது என்பதையே கூறுகின்றோம். இத்தகைய இழப்பு எம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1850களிலே லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை போட்டவர்கள், அரப்பா மேட்டிலிருந்த பழைய செங்கற்களை வண்டி வண்டியாகப் பெயர்த்துப் பாதையின் கீழ் இட்டனர். அலெக்சாந்தர் கன்னிங்காம் அவ்வழிவைக் கண்டு எழுதிவைத்தார். சிந்துவெளி நாகரிகத்தின் பெருநகர் அஃது என்பது 1920களிலேதான் உலகுக்குத் தெரிந்தது. அதற்குள் நகரின் ஒரு பகுதி புகைவண்டிக்குக் கீழே போய்விட்டது.

இனிக் கந்தரோடைக்கு வருவோம். தெல்லிப்பழையிலிருந்து காங்கேசன்துறை வீதியால் மல்லாகம் கடந்து சுன்னாகம் சென்று மேற்கே திரும்பினால் கந்தரோடை. ஈருருளியிற் செல்வோர்க்கு அது தூரமே அன்று. இவ்வளவு அணித்தாக இருந்தும் நாம் பல்கலைக்கழகம் புகுந்த பின்பே அங்கு முதன்முறை சென்றோம் என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் ஈ. பீரிஸ் என்பவர், அவ்வூர் வயல்களிலும் மேடுகளிலும் கிடைத்த பழம்பொருள்களைத் தேடித் தொகுத்தார். முத்திரை குத்திய பழங்காசுகள், உரோமர் நாணயங்கள், இலக்குமி உருவம் பொறித்த தகடுகள், மணிகள், செப்புக் கோல்கள் எனப் பலவும் அவருக்குக் கிடைத்தன. அவற்றை 1917இலும் 1919இலும் அறிஞர் சபையொன்றின் இதழில் வெளியிட்டார். நீதிமன்றத்திலே சாட்சிகளை விசாரித்த கையோடு மண்ணையும் விசாரித்த அப்பெரியாருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். பின்னர் முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலிலே, பழங்கதைகளிற் கூறப்படும் கதிரமலை என்னும் இராசதானி இக்கந்தரோடையே எனக் கொண்டார். 1960களிலே தொல்பொருள் திணைக்களத்தார் அங்கிருந்த சிறு தூபிகளைச் சீரமைத்தனர். இன்று சுற்றுலாவாகச் செல்வோர் நின்று படம்பிடிப்பது அவற்றையே.

ஆயினும் முறையாகப் படைபடையாக அகழ்ந்து பார்த்தவர்கள் 1970இல் வந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையார். விமலா பெக்லி, பெனெற் புரொன்சன் முதலியோர் உச்சாப்பனை என்னுமிடத்திற் குழிகளிட்டனர். கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும், உட்புறத்திற் புள்ளிக்கோலம் சுழன்றோடும் ரௌலெற்றட் மட்பாண்ட ஓடுகளும் அவர்களுக்குக் கிடைத்தன. இப்பின்னைய வகைக்குப் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தவர், 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்த மோர்ட்டிமர் வீலர். அங்கே அவை உரோமரோடு நடந்த வாணிகத்தின் அடையாளமாக நின்றன. ஆகவே சுன்னாகத்துக்கு மேற்கேயுள்ள ஒரு வயலும், சோழமண்டலக் கரைத் துறையொன்றும் இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரே வகைச் சட்டியில் உண்டன என்பது வெளிப்படை. தங்கத்தினும் இவ்வோட்டுத் துண்டுகள் பேசுவது மிகுதி. தங்கத்தைக் களவெடுப்பர், உருக்குவர், ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வர். உடைந்த சட்டியை உடைந்த இடத்திலேயே எறிவர்.

பீரிசுக்குக் கிடைத்தது பொருள். பென்சில்வேனியாவார்க்குக் கிடைத்தது பொருளும் அதன் இடமும். எந்தப் படையில், எதன் கீழ், எதன்மேல், எதனோடு கிடந்தது என்று தெரியாத காசு, கண்ணாடிப் பேழைக்குள் அழகாயிருக்கும், சாட்சி சொல்லாது. துரோய் நகரைத் தேடிச் சென்ற ஷ்லீமன் 1871 முதலாகப் பெருங்குழி வெட்டி, மேற்படைகளையெல்லாம் வாரி எறிந்து, அடியிலே தாம் தேடிய நகர் கிடைத்ததென்று கொண்டாடினார். அவர் கண்டது துரோய்ப் போர்க்காலத்துக்கு ஆயிரமாண்டு முந்திய நகர் என்பது பின்னர்த் தெளிந்தது. அவர் தேடியது எதுவோ, அதனைச் சேர்ந்த படைகளிற் பெரும்பங்கை அவரது மண்வெட்டியே வழியில் அழித்துவிட்டது. எதைக் காண வேண்டும் என்று முன்னரே முடிவு செய்துகொண்டு தோண்டுவோர்க்கு நேர்வது இதுவே.

இங்கே ஒரு பேச்சை மறைக்காமற் பேசுதல் வேண்டும். இந்து இளைஞர் சங்க மலரிலே பௌத்தத் தூபிகளைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். கந்தரோடையைப் பற்றிப் பேச்செடுத்தாலே இன்று இருசாரார் குரலும் உயர்கின்றது. பௌத்தச் சின்னம் கிடைத்ததாகவே அது தமிழர் நிலம் அன்று என்பர் ஒருசாரார். அச்சின்னத்தைப் பற்றி வாய்திறவாமல் இருப்பதே எமக்கு நன்று என்பர் மற்றொருசாரார். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் எம்மொழியிற் பாடிய பௌத்தர். நாகபட்டினத்தில் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியவன், தஞ்சைப் பெரியகோயிலை எடுப்பித்த சிவபாதசேகரனாகிய இராசராசன். அவனுக்கு இல்லாத அச்சம் எமக்கு ஏன்? சைவம் பௌத்தத்தோடு வாதிட்டது, வென்றது என்கிறோம். வாதிடுவதற்கு எதிரே ஒருவர் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? அவரும் இம்மண்ணில் எம் மூதாதையாகவே இருந்திருக்கலாம். தூபியின் கீழே ஒரு படை உண்டு. அதன் கீழே மற்றொரு படை உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் எமது என்று தெரிந்தெடுப்பது ஷ்லீமன் செய்த வேலையை நாமும் செய்வதாகும்.

கந்தரோடை காத்திருந்தது, ஆனைக்கோட்டைக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. அங்கே மண் அள்ளப்பட்ட இடத்திலேதான் பழைய ஈமப்புதைகுழிகள் வெளிப்பட்டன. 1980ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இந்திரபாலா, பொ. இரகுபதி முதலியோர் விரைந்து சென்று அகழ்ந்தனர். கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் சூழ நீட்டிக் கிடத்திய எலும்புக்கூட்டின் அருகே சிறு முத்திரையொன்று இருந்தது. அதன் மேல்வரியில் மூன்று குறியீடுகள். கீழ்வரியில் பிராமி எழுத்து மூன்று. 'கோவேத' என அதனைப் படித்தனர். 'கோ' என்பது அரசனைக் குறிக்கும் எம் சொல். விரல்நுனியளவான அம்முத்திரையால், இங்கே எழுத்தறிவும் தலைமையும் உடைய சமுதாயமொன்று கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் வாழ்ந்தது என்பது தெரியவந்தது. அது மண்வண்டியிலே ஏறிப் போயிருந்தால் ஏதோவொரு பள்ளத்தை நிரப்பியிருக்கும். அவ்வண்டிகளில் அதற்குமுன் ஏறிப்போனவை எவை என்று கேட்பார் இல்லை.

கட்டடத்துக்காகத் தோண்டிய குழி வரலாற்றுக் குழியாக மாறியதற்கு எம் காலத்திலேயே மிகத் துயரமான ஒரு சான்றும் உண்டு. 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்திலே கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் தோன்றின. வேலை நிறுத்தப்பட்டது. நீதிமன்றக் கட்டளைப்படி, தொல்பொருள் பேராசிரியர் ராஜ் சோமதேவ முன்னின்று அகழ்ந்தார். அவ்வாண்டுக்குள்ளேயே 200க்கு மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன; குழந்தைகளின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. அங்கே பயன்பட்டவை தூரிகையும் சிறு கரண்டியும் மூங்கிற் குச்சியுமே. எந்த எலும்பு எதன்மேற் கிடந்தது, எந்தச் செருப்பு எந்தக் காலோடு கிடந்தது என்பது ஆயிரமாண்டுப் பானைக்கு எவ்வளவு வேண்டுமோ அதனினும் ஆயிரமடங்கு அங்கு வேண்டும். பிள்ளை திரும்பி வருவான் என இன்னமும் வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் எம்முரிலும் உளர். அவர்களுக்குச் சொல்லப்போகும் விடை அம்மண்ணின் ஒழுங்கிலே இருக்கின்றது. இதற்குமேல் இதனை எழுத எமக்குக் கை வரவில்லை.

மெதுவாகத் தோண்டுவோரை எம் ஊரார் வேறொரு வகையிலும் கண்டிருக்கின்றனர். காணிகளை விடுவிக்குமுன் கண்ணிவெடி அகற்றுவோர் வந்து, முகக்கவசமணிந்து, முழந்தாளிட்டு, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக மண்ணைச் சுரண்டிப் பார்த்தனர். ஒரு பரப்புக் காணிக்கு இத்தனை நாளா எனச் சலித்துக்கொண்டவர்களுள் நாமும் உளோம். இன்னும் விடுவிக்கப்படாத காணிகளை உடையோர் அச்சலிப்புக்குக்கூட ஏங்கியிருக்கின்றனர்.

நாம் செய்த பிழையொன்றையும் சொல்லிவிடுகிறோம். கிணறு கலக்கிய அடுத்த மாதம், அதே காணியில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டினோம். செம்பாட்டு மண்ணுக்குள்ளிருந்து கறுத்த உட்புறமும் சிவந்த வெளிப்புறமுமாகச் சில ஓட்டுத் துண்டுகள் வந்தன. "தம்பி, வெறும் சட்டியோடு, எறிஞ்சுவிடுங்கோ" என்றார் குழி வெட்டியவர். நாம் எறியவில்லை, கழுவிக் காயவைத்து, கடதாசியிற் சுற்றி, வரலாறு கற்பிக்கும் ஆசிரியரொருவரிடம் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை அடியில் எடுத்தீர்கள்?" என்றார். தெரியவில்லை என்றோம். "வேறென்ன கிடந்தது? கரி, சாம்பல், எலும்பு?" தெரியவில்லை என்றோம். வெட்டிய மண் முழுவதும் வேலியோரத்தில் ஒரே குவியலாய்க் கிடந்தது. அவர் கடதாசியை முன்போலவே மடித்து எம் கையிலே தந்தார். அத்துண்டுகள் அப்பாச்சியின் அப்பாச்சி சமைத்த சட்டியோ, கோவேதன் காலத்துச் சட்டியோ, யாம் அறியோம். அறியும் வழியை நாமே மண்வெட்டியால் அழித்துவிட்டோம்.

இப்போது அக்காணியில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருக்கிறோம். அரையடிக்கு ஒரு முடிச்சாகக் கயிறொன்றிற் போட்டு, குழியின் ஓரத்து முளையிற் கட்டியிருக்கிறோம். முடிச்சுக்கு ஒரு கடகம். கடகத்துக்கு ஒரு குவியல். குவியலுக்கு ஒரு சீட்டு. மேசன் எம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒருநாட் கூலி அதிகமாகும் என்கிறார். அப்பாச்சி மட்டும் கதிரையை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டு, ஒவ்வொரு கடகமும் மேலே வரும்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை நான்காம் முடிச்சுவரை வந்திருக்கிறோம்.